ஒரு கமா இடிக்கிறது

அந்த மாதம் முதல் தேதி காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கமா சார் ஒரு பெரிய முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் மனைவியிடம் ‘முடியாது’ என்று சொல்வதில்லை.

படிக்கிறவர்கள் அவசரப்பட்டு அவரைப் பாராட்டிவிட வேண்டாம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்களில் அந்த வார்த்தையை அவர் நாலு முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். வாஷிங் மெஷினுக்கு ஒரு தடவை, பூனைக்கு ஒரு தடவை, மாமியார் ஒரு மாதம் தங்குவதற்கு ஒரு தடவை, மீசையை எடுப்பதற்கு ஒரு தடவை. வாஷிங் மெஷின் வந்தது, பூனை வந்தது, மாமியார் வந்தார், மீசை போயிற்று. தான் ‘முடியாது’ என்று சொன்னால் காரியம் இன்னும் சீக்கிரமாக நடக்கிறது என்பது அவருக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. ஆகவே புது வழி. முதலில் ‘சரி’ என்று தலையாட்டுவது. பிறகு ‘ஆனால் ஒரே ஒரு விஷயம்’ என்று ஆரம்பிப்பது. அந்த ஒரே ஒரு விஷயத்தை வைத்துக் காரியத்தை முப்பது நாள் இழுத்தடிப்பது.

முப்பது நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், முந்தின நாள் சாயங்காலம் நடந்த பேச்சிலிருந்து.

“ஏங்க, நான் வேலை பார்க்கிற பார்லரை அந்தம்மா மூடறாங்க.”

“அடடா. பாவம்.”

“பாவம் எல்லாம் இல்லை. மகளோட போய் இருக்கப் போறாங்க. நாற்காலியை எனக்கே தரேன்னுட்டாங்க. வர்ற முப்பதாம் தேதிக்குள்ள எடுத்துக்கணும். இல்லாட்டி வேற ஆளுக்குப் போயிடும்.”

“நாற்காலியா? நம்ம வீட்லதான் நாலு கிடக்கே.”

“முடி வெட்டற நாற்காலிங்க. ஏறும், இறங்கும், சுத்தும்.”

“அதை எங்கே போடப் போறே?”

“முன்னறையிலதான். ஜன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு.”

கமா சாருக்கு ஒரு நிமிடம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னல் பக்கம் ஏற்கெனவே ஒரு மேசை இருந்தது. அவருடைய மேசை. அதன்மேல் மூன்று தடித்த அகராதிகள், ஒரு பூதக்கண்ணாடி, பென்சில் சீவும் கருவி, அப்புறம் அவர் எழுதிவரும் புத்தகம். ஆங்கிலத்தில் கமாவை எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது என்பதைப் பற்றி உலகத்துக்கே ஒரு வழி காட்டிவிட வேண்டும் என்று எட்டு வருடமாக எழுதுகிறார். முன்னுரை முடியும் நிலையில் இருந்தது. அச்சக முதலாளி, எழுதி முடித்தால் தானே அச்சிட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த மேசையும் ஜன்னலும் போய்விட்டால் கமா சாருக்கு வீட்டில் சொந்தமாக மிஞ்சுவது செருப்பு வைக்கும் இடம்தான்.

அவர் உண்மையில் யார் என்றால், நகரத்தின் நடுவில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கில புரூஃப் பார்ப்பவர். அச்சாகும் முன் தாளைப் படித்துப் பிழை திருத்துவது வேலை. எழுத்துப் பிழையையும் பார்ப்பார். ஆனால் உயிர் கமாவில். கமா சார் என்ற பெயர் அச்சகத்தில் பிறந்து, தெருவுக்கு வந்து, கடைசியில் காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாயிலும் ஏறிவிட்டது.

அவர் வேலை செய்யும் முறையே தனி. தாளை மேலேயிருந்து படிக்க மாட்டார். ஒரு வெள்ளை அட்டையால் தாளை மூடிக்கொண்டு, கடைசி வரியை மட்டும் திறப்பார். அது முடிந்தால் அதற்கு மேல் வரி. இப்படியே அடியிலிருந்து ஏறுவார். “மேலேயிருந்து படிச்சா விஷயம் நம்மளை இழுத்துக்கிட்டுப் போயிடும். கமா தப்பிச்சிடும்” என்பார். முகவரிப் பகுதி வந்ததும் அட்டையை மூடிவிடுவார். அச்சகத்தில் முகவரிகள் நிரந்தரமாக அச்சுக் கோத்து வைத்தவை. அவற்றைப் பார்ப்பது அவர் வேலை இல்லை. பார்த்து முடித்த தாளின் அடியில், பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேதியோடு முழுக் கையெழுத்துப் போடுவார். திருத்தின ஒவ்வோர் இடத்திலும் ஓரமாக ஒரு குட்டிக் கையெழுத்து.

இந்த முறையால் ஒருமுறை பல் டாக்டர் ஒருவரின் விளம்பரத்தில் டயர் கடையின் வாசகம் ஏறிப்போனது. ‘பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை மாட்டி, காற்றடித்து அனுப்புகிறோம்’ என்று ஐயாயிரம் பிரதிகள் ஊரெல்லாம் போய்விட்டன. முதலாளி தாளை ஆட்டிக்கொண்டு வந்தபோது கமா சார் அமைதியாகச் சொன்னார்: “என்ன எழுதியிருக்குங்கிறது எழுதினவர் கவலை சார். கமா எல்லாம் சரியா இருக்கா, பாருங்க.” இருந்தது. அதுதான் முதலாளிக்கு இன்னும் எரிச்சல்.

சரி, பேச்சுக்கு வருவோம். அவர்கள் இருந்தது வாடகை வீடு. முன்னறையில் தொழில் நடத்தச் சம்மதிக்க வேண்டிய வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். தமிழ் பேசுவார், படிக்க வராது. மனைவி ஏற்கெனவே போனில் கேட்டுவிட்டிருந்தாள். ‘எதுவானாலும் ஆங்கிலத்தில் எழுதி, குடித்தனக்காரர் கையெழுத்தோடு படம் பிடித்து அனுப்புங்கள், பார்க்கலாம்’ என்று அவர் சொல்லிவிட்டாராம். வாடகை ஒப்பந்தம் கமா சார் பெயரில். ஆகவே கடிதம் அவர் எழுதுவதுபோல இருக்க வேண்டும், கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும்.

முதல் தேதி காலை, பல் தேய்த்த வாயோடு கமா சார் சமையலறைக்கு வந்தார்.

“அந்தக் கடிதத்தை எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போட்டுடலாம்.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “நிஜமாவா?”

“நான் எப்பம்மா உன் ஆசைக்குக் குறுக்கே நின்னிருக்கேன்? ஆனா ஒரே ஒரு விஷயம். ஒரு கமா தப்பா இருந்தாலும் என் பேர்ல ஒரு கடிதம் இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது. ஊரே சிரிக்கும்.”

“அதுக்கென்ன, நீங்களே எழுதிடுங்களேன்.”

“நான் எழுதிட்டா நீ எப்பக் கத்துக்கறது? நாளைக்குத் தொழில் நடத்தப் போறவ. நீ எழுது. நான் தப்பைக் காட்டறேன். திரும்ப எழுது. தப்பே இல்லாம ஒரு தாள் வந்ததும் போட்டுடலாம் கையெழுத்து.”

அவள் கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு “சரிங்க” என்றாள். அவள் இவ்வளவு லேசில் சரி என்றது கமா சாருக்குப் பரவசமாக இருந்தது. பஸ்ஸில் அவர் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர்தான் அவருக்கு மந்திரி. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தித் திட்டத்தை விளக்கினார்.

“அவ இங்கிலீஷ் நல்லாத்தான் எழுதுவா. கமா மட்டும் உப்புத் தூவற மாதிரி. கை போன இடமெல்லாம் விழும். முப்பது நாள் என்ன, மூணு வருஷம் ஆனாலும் தப்பில்லாத தாள் வராது.”

“அவங்க கத்துக்கிட்டாங்கன்னா, சார்?”

“நானே இருபத்திரண்டு வருஷமாக் கத்துக்கிட்டிருக்கேன்யா.”

இரண்டாம் தேதி சாயங்காலம் முதல் கடிதம் வந்தது. கமா சார் அட்டையை எடுத்தார், சிவப்புப் பேனாவைத் திறந்தார், அடியிலிருந்து ஏறினார். பதினொரு தப்பு. விருந்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

“இங்கே பாரு. இது ஒரு முழு வாக்கியம். இதுவும் ஒரு முழு வாக்கியம். ரெண்டையும் வெறும் கமாவால ஒட்டியிருக்கே. கமாவுக்கு அவ்வளவு பலம் கிடையாது.”

“பின்னே என்ன போடறது?”

“முற்றுப்புள்ளி போடு. இல்லாட்டி ‘பட்’, ‘அண்ட்’னு ஒரு சொல்லைத் துணைக்குக் கூப்பிடு. துணையோட வந்தா, அதுக்கு முன்னாடி கமா நிக்கலாம்.”

“துணை இல்லாம நிக்காதா?”

“நிக்காது. விழுந்துடும்.”

“பாவம்” என்றாள் மனைவி. தாளை வாங்கிக்கொண்டவள் அடியில் பார்த்தாள். “இது என்ன, கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

“பார்த்த தாள்ல போடறதுதான். பழக்கம். இந்தத் திருத்தத்துக்கெல்லாம் நான் பொறுப்புன்னு அர்த்தம்.”

“ஓகோ” என்று சொல்லித் தாளை நாலாக மடிக்காமல், கசங்காமல், ஓர் உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று கமா சார் நெகிழ்ந்துபோனார்.

ஏழாம் தேதி அடுத்த தாள். எட்டுத் தப்பு.

“எழுவாய் யாரு? ‘என் மனைவி’. அவ என்ன செய்யறா? ‘விரும்பறா’. நடுவுல எதுக்குக் கமா? புருஷன் பெண்டாட்டி பேசிக்கிட்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து நடுவுல உட்கார்ந்த மாதிரி இருக்கு.”

“நடுவுல ஏதாவது சொல்ல வேண்டியிருந்தா? ‘என் மனைவி, பத்து வருஷம் இதே வேலை பார்த்தவள், விரும்புகிறாள்’னு?”

கமா சார் நிமிர்ந்தார். நல்ல கேள்வி. அச்சகத்தில் யாரும் இதுவரை கேட்காத கேள்வி. “அப்ப ரெண்டு கமா. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. திறந்த கதவை மூடணும் இல்லையா. ஒண்ணை மட்டும் போட்டுட்டுப் போனா, திறந்து போட்ட வீடு.”

“ரெண்டையும் எடுத்துட்டு, நடுவுல இருக்கறதையும் எடுத்துட்டா மீதி வாக்கியம் நிக்கணும். அதானே கணக்கு?”

“அதேதான்” என்றார் கமா சார். எட்டு வருடமாக முன்னுரையில் அவர் சொல்ல முயன்றுகொண்டிருந்ததை இவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பாத்திரம் முழுவதையும் அவரே கழுவினார்.

பன்னிரண்டாம் தேதி மூன்றாவது தாள். ஐந்து தப்பு. இந்தத் தாள் முன்னதைவிடக் கொஞ்சம் நீளம் என்று அவருக்குப் பட்டது.

“நீண்டுக்கிட்டே போகுதே?”

“நீங்கதானே வாக்கியத்தை உடைக்கச் சொன்னீங்க. உடைச்சா நீளாதா?”

நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே கமா மயம். மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருந்த குறிப்பை அவள் உரக்கப் படித்து, “இதுல பட்டியல் வருது, நடுவுல ஒரு கமாவை முழுங்கிட்டாங்க” என்றாள். பஸ் நிறுத்தத்து அறிவிப்பில் ஒன்று அதிகம் என்றாள். இருவரும் கடைத்தெருவில் பலகை பலகையாக நின்று சண்டை போட்டார்கள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை. கமா சாருக்கு வயது பத்துக் குறைந்தது போலிருந்தது. இடையிடையே முப்பதாம் தேதி ஞாபகம் வரும், இன்னும் இத்தனை நாள்தான் என்று விரல் மடிப்பார், அதுவும் குஷியாகத்தான் இருந்தது. ஒரே நேரத்தில் மாணவி ஜெயிக்க வேண்டும், மனைவி தோற்க வேண்டும். இரண்டு ஆசையும் ஒரே மனுஷனுக்குள் இடித்துக்கொண்டு கிடந்தன.

பதினெட்டாம் தேதி நாலாவது தாளில் இரண்டே தப்பு. இருபத்து நாலாம் தேதி ஐந்தாவது தாள் வந்தது.

கமா சார் அடியிலிருந்து ஏறினார். ஒன்றும் இல்லை. முகவரி வரை போய்விட்டார். ஒன்றும் இல்லை. மறுபடி இறங்கி மறுபடி ஏறினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு கமாவும் தன் தன் இடத்தில் குளித்துத் தலைவாரி நின்றுகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமான தாளை அவர் பார்த்ததே இல்லை. எழுந்து ஊருக்கெல்லாம் காட்டலாம் போலிருந்தது. கூடவே ஒரு பயம். இந்தத் தாளை ஒப்புக்கொண்டால் ஜன்னல் போச்சு.

“என்னங்க, எத்தனை?”

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை. கமா சார் சிவப்புப் பேனாவை எடுத்து, எந்தப் பாவமும் செய்யாத ஒரு கமாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக.

“ஒரு கமா இடிக்குது.”

“இதுவா? எப்படிங்க இடிக்குது?”

“நான் சொல்லிட்டா மனசுல நிக்காது. நீயே யோசிச்சுக் கண்டுபிடி.”

மனைவி வட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் பூனையைப் பார்த்தார். அடியில் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். அவள் தாளை உறையில் போட்டுக்கொண்டாள். அன்று கமா சாருக்குத் தேநீர் இறங்கவில்லை. செய்தது கேவலம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் ஜன்னல் வழியே காற்று வந்தது, மேசையில் முன்னுரை படபடத்தது. மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆறாவது தாள் வரவேயில்லை. இருபத்தைந்து போயிற்று, இருபத்தெட்டு போயிற்று. மனைவி முணுமுணுக்கக்கூட இல்லை. முப்பதாம் தேதி காலையில் கமா சார் வெற்றி வீரராக வேலைக்குக் கிளம்பினார். சாயங்காலம் ஆறுதலுக்கு ஒரு கேக் வாங்கிப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். தோற்றவர்களிடம் பெருந்தன்மை வேண்டும்.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

“வாங்க கமா சார். உங்க கடிதம் பார்த்தேன். ரொம்பச் சந்தோஷம். எட்டு வருஷமா அந்தப் புத்தகத்தை எப்ப முடிப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

“எந்தக் கடிதம் சார்?”

முதலாளி ஒரு தாளை நீட்டினார். குளித்துத் தலைவாரிய அதே தாள். அதே சிவப்பு வட்டம். அடியில் அதே கையெழுத்து. கமா சார் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தாளை மேலேயிருந்து படித்தார். வீட்டு முன்னறையை மனைவியின் தொழிலுக்குக் கொடுத்துவிட்டதால், வேலை முடிந்த பிறகு, அச்சகத்தின் காகிதக் கிடங்கிலேயே உட்கார்ந்து புத்தகத்தை எழுதி முடிக்க அனுமதிக்கும்படியும், மேசையை முப்பதாம் தேதி அனுப்பிவைப்பதாகவும் அவர் பணிவோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“மேசை வந்து இறங்கியாச்சு. அகராதி மூணும் பண்டல் மேல இருக்கு” என்றார் முதலாளி. “ஒண்ணுதான் புரியலை. ‘வேலை முடிந்த பிறகு’ங்கறதுக்கு அடுத்து ஒரு கமா இருக்கே, அது இருக்க வேண்டிய கமாதானே? அதைப் போய் ஏன் சுழிச்சீங்க? கண்ணு காட்டிக்கிறது நல்லது.”

இருபத்திரண்டு வருடத்தில் முதலாளி அவருக்குக் கமா சொல்லிக்கொடுத்தது அதுவே முதல் தடவை. கமா சாருக்குக் காது சுட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

முன்னறையில் ஜன்னல் பக்கம் நாற்காலி நின்றது. ஏறியிருந்தது. அதன்மேல் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் உட்கார்ந்திருந்தார். மனைவி கத்தரியோடு திரும்பினாள்.

“வந்துட்டீங்களா. அலமாரியில எல்லாம் வச்சிருக்கேன், பாருங்க.”

அலமாரியில் வரிசையாக நாலு பதில் கடிதங்கள். வீட்டுக்காரரிடமிருந்து சம்மதம். நகராட்சியிலிருந்து உரிமம். மின்சார அலுவலகத்திலிருந்து கூடுதல் இணைப்பு. நாற்காலிக்காரம்மாவிடமிருந்து நாற்காலியை விட்டுக்கொடுக்கும் சீட்டு.

“நான் ஒரே கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதறேன்னு நினைச்சேனே?”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையேங்க. ஒவ்வொண்ணுலயும் மேலே யாருக்குன்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேன்.”

“திருத்தின தாளையா அப்படியே அனுப்பினே? சிவப்பு மையோட?”

“ஆமா. நகராட்சி ஆபீசர் அசந்துட்டாரு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துல கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்த மனுஷனை நான் சர்வீஸ்ல பார்த்ததே இல்லைன்னாரு. ஒரே நாள்ல முத்திரை குத்திட்டாரு.”

நாற்காலியில் இருந்த டீச்சர் சிரிப்பை அடக்கத் துணியை வாயில் வைத்துக்கொண்டார்.

கமா சார் வீட்டுக்காரரின் கடிதத்தை எடுத்தார். பழக்கதோஷம், அடியிலிருந்துதான் படித்தார். அதனால் கடைசி வரி முதலில் கண்ணில் பட்டது. குடித்தனக்காரர் மனம் மாறினால் வரும் ஏழாம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதன்பின் வருவது எதுவும் செல்லாது. கமா சாருக்கு உடம்பெல்லாம் ரத்தம் பாய்ந்தது. இன்னும் ஏழு நாள் இருந்தது.

கிடங்கில், வெள்ளைத் தாள் பண்டல்களுக்கு நடுவில், அவர் அந்த மறுப்புக் கடிதத்தை மூன்று நாள் எழுதினார். எட்டு வருடத்தில் வராத வேகம். கோபமும் கமாவும் சேர்ந்து வந்து விழுந்தன. மொத்தம் இருபத்து மூன்று கமா. படிக்கிற வீட்டுக்காரர் உடனே விமானம் ஏறி வந்து நாற்காலியைத் தூக்கித் தெருவில் வைக்க வேண்டும், அப்படி ஒரு கடிதம்.

எழுதி முடித்ததும் ஒரு சங்கடம். தன் எழுத்துக்குத் தானே புரூஃப் பார்க்கக் கூடாது என்பது தொழிலின் முதல் விதி. வேறு கண் ஒன்று பார்த்தாக வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அதை மீறியதில்லை. முதலாளியிடம் காட்டலாமா? கண் டாக்டர் விலாசம் கொடுப்பார். மெஷின்காரருக்கு ஆங்கிலம் வராது. ஊரில் கமா தெரிந்த இன்னொரு ஆள் யார் என்று கமா சார் கன்னத்தில் கை வைத்து யோசித்தார். ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவரே தயார் செய்த ஆள்.

நாலாம் தேதி சாயங்காலம் தாளை அவளிடம் நீட்டினார். எதிரியிடமே கொடுக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. ஆனாலும் இந்தத் தாளில் கை வைக்க இடமிருக்காது என்ற கர்வம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“என்ன எழுதியிருக்குன்னு நீ பார்க்க வேண்டாம். கமா மட்டும் பாரு.”

“அது எனக்கெதுக்குங்க? எழுதினவர் கவலை” என்றாள் அவள். ஓர் அட்டையை எடுத்து மூடிக்கொண்டு, அடியிலிருந்து ஏறினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதியில் அவள் விரல் நின்றது. மேலே போனது. மறுபடி கீழே வந்தது. முகவரி வந்ததும் அட்டையை மூடினாள்.

“ஒரு கமா இடிக்குதுங்க.”

“இடிக்குதா? எது?”

“நான் சொல்லிட்டா மனசுல நிக்காது.”

கமா சார் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த தலைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள்.

ஐந்தாம் தேதி கிடங்கில் உட்கார்ந்து இருபத்து மூன்று கமாவையும் தனித்தனியாக விசாரித்தார். எல்லாம் யோக்கியம். ஆறாம் தேதி மூன்று அகராதிகளையும் புரட்டினார். அவள் பொய் சொல்லியிருப்பாளோ என்று ஒரு கணம் தோன்றியது. தப்பே இல்லாத கமாவைத் தப்பு என்று சொல்ல எந்த மனுஷனுக்கு மனசு வரும் என்று நினைத்தார். உடனே ஒரு சிவப்பு வட்டம் கண் முன்னால் வந்து போயிற்று. அதைப் பற்றி மேலே யோசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஏழாம் தேதி மத்தியானம் மெஷின்காரர் எட்டிப் பார்த்தார்.

“சார், போன்ல படம் பிடிச்சு அனுப்ப அரை நிமிஷம் ஆகாது. ஒரு கமாதானே, போகட்டும்னு அனுப்பிடுங்களேன்.”

“ஒரு கமாதானேவா?” கமா சார் எழுந்தே நின்றுவிட்டார். “என் கையெழுத்து இருக்குய்யா அதுல. ஜன்னல் போனா போகட்டும். ஒரு தப்பான கமாவோட நான் என் பேரை வெளியே அனுப்ப மாட்டேன்.”

மெஷின்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மெஷினைப் பார்க்கப் போனார். அன்று அச்சகம் பூட்டும்வரை கமா சார் பதினேழாவது கமாவையும் பத்தொன்பதாவது கமாவையும் மாற்றி மாற்றி முறைத்துக்கொண்டிருந்தார். ஏழாம் தேதி முடிந்தது.

எட்டாம் தேதி காலையில் அவர் முன்னறைக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பெண்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மனைவியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் கவனிக்கத்தான் செய்தார். இந்த மாதிரி அவளைப் பார்த்து வெகு நாளாயிற்று என்றும் தோன்றியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நான் தோத்துட்டேன்மா. தலை வெடிச்சிடும் போலிருக்கு. எந்தக் கமான்னு நீயே சொல்லிடு.”

மனைவி தாளை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்து, இந்தத் தடவை மேலேயிருந்து நிதானமாகப் படித்தாள். பிறகு மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

“இதுல தப்பே இல்லைங்க, அருமையா எழுதியிருக்கீங்க. இனிமே நீங்க எப்ப வேணா அனுப்பலாம்.”